குத்துக்கல்லும் கரையுமோ?



இவ்விழாவில் நான் பேசவேண்டும் என்று செயலாளர் ஐயா கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். கல்லூரியில் தேர்வுத்தாள் திருத்தும் காலம் அது. அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. ‘சரிம்மா, உங்க வசதி’ என்றார். பிறகு, ‘போன வருசம் நீங்க பேசினதைக் கேட்ட ஒரு வயசாளி, இந்த வருசமும் வருவாங்களான்னு நேத்து வந்து விசாரிச்சிட்டுப் போனாரு, அவருகிட்ட என்ன சொல்லன்னுதான் யோசிக்கேன்’ என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் காலையில் நானே தொலைபேசியில் அழைத்து, வருகிறேன் என்றேன்.

அவையோரே, செயலாளர் ஐயா என்னை என்ன செய்தார்? வற்புறுத்தினாரா? இல்லை. வேண்டினாரா? அதுவும் ஒருமுறைதான். கட்டளையிட்டாரா, தூண்டினாரா, மயக்கினாரா? எந்தச் சொல்லும் பொருந்தவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு ‘பெர்சுவேட்’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த சொல். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால், இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நானும் சற்றே தயங்கித்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அத்தயக்கத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். ஊரும் அதற்கேற்ற ஊராக வாய்த்திருக்கிறது. சொன்னாலும் அசையாதவனைக் ‘குத்துக்கல்லாட்டம் இருக்கிறான்’ என்பது நம் வழக்கு. குத்துக்கல்வலசையில் நின்று, பிறரை அசைக்கும் சொல்லைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானே!

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை இரண்டாம் ஆண்டு மொழிபெயர்ப்புத் தாளில் ஒரு வாக்கியம் கொடுத்திருந்தேன். தாய் ஒருத்தி தன் மகளைத் திருமணத்துக்குப் ‘பெர்சுவேட்’ செய்தாள் என்பது அதன் செய்தி. வகுப்பில் பெரும்பாலோர் ‘வற்புறுத்தினாள்’ என்று எழுதியிருந்தனர். சிலர் ‘கட்டாயப்படுத்தினாள்’ என்றனர். ஐந்தாறு பேர் ‘சம்மதிக்க வைத்தாள்’ என்றனர். ஒரே ஒருத்தி, ‘தாய் எடுத்துச் சொன்னாள், மகள் மனம் இசைந்தாள்’ என்று எழுதியிருந்தாள். ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிட்டாள் என்பதற்காக அவளுக்கு அரை மதிப்பெண் குறைத்தேன். ‘வற்புறுத்தினாள்’ என்றவர்களுக்கு முழு மதிப்பெண். விடைக்குறிப்பு அப்படித்தான் இருந்தது. அதை எழுதியவளும் நானே.

என் விடைக்குறிப்பு தவறு. எப்படி என்று பார்ப்போம். ‘அவனை வரும்படி வற்புறுத்தினேன், அவன் வரவில்லை’ என்று தமிழில் சொன்னால் அதில் பிழையேதும் இல்லை. ஆங்கிலத்தில் ‘அவனை வரும்படி பெர்சுவேட் செய்தேன், அவன் வரவில்லை’ என்றால் கேட்பவர் விழிப்பார். ஏனெனில் அந்தச் சொல்லுக்குள்ளேயே அவன் ஒப்புக்கொண்டான் என்ற முடிவு இருக்கிறது. முயற்சியை மட்டும் சொல்லவேண்டுமானால் ஆங்கிலத்தார் ‘முயன்றேன்’ என்று முன்னால் ஒரு சொல் சேர்ப்பார்கள். நம் ‘வற்புறுத்து’ முயற்சியோடு நின்றுவிடும் வினை. அதற்கு நேரான ஆங்கிலச் சொல் ‘அர்ஜ்’ என்பது. ஆக, பயனைச் சொல்லும் வினையை முயற்சியைச் சொல்லும் வினையால் பெயர்த்து, அதற்கு முழு மதிப்பெண்ணும் வழங்கியிருக்கிறேன்.

இன்னொரு வேறுபாடு இதைவிட ஆழமானது. வற்புறுத்தலில் வன்மை இருக்கிறது. ‘பெர்சுவேட்’ என்ற சொல்லில் அது கிடையாது. அச்சொல்லின் இலத்தீன் வேரைத் தோண்டினால் கிடைப்பது இனிமை. இலத்தீனில் ‘சுவாதெரே’ என்றால் அறிவுரை கூறுதல். ‘சுவாவிஸ்’ என்றால் இனிமையானது. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆங்கிலத்தின் ‘ஸ்வீட்’ என்ற சொல்லும் வடமொழியின் ‘ஸ்வாது’ என்ற சொல்லும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஒன்றைப் பிறர்க்கு இனிதாக்கிக் காட்டுதல் என்பது அவ்வினையின் ஆதிப்பொருள். நம் ‘சுவை’யும் அதன் உறவோ என்று சில நண்பர்கள் ஆவலோடு கேட்பதுண்டு. ஒலி ஒத்ததனால் மட்டும் உறவு கொண்டாடக் கூடாது. அந்த ஆசையை மொழிநூல் அறிந்தோர் ஒப்பார்.

இதற்கு இணையாக வழங்கும் ‘கன்வின்ஸ்’ என்ற சொல்லின் வேரில் இருப்பது வெற்றி. வெல்லுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினை அது. வாதத்தில் எதிரியை வென்று நம்பவைத்தல் ஒன்று. இனிதாக்கிச் செய்யவைத்தல் மற்றொன்று. நம்பிக்கைக்கு ‘கன்வின்ஸ்’, செயலுக்கு ‘பெர்சுவேட்’ என்று பழைய ஆங்கில ஆசிரியர்கள் வரம்பு கட்டியிருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அமெரிக்க வழக்கில் அந்த வரம்பு அழிந்து, இரண்டும் கலந்துவிட்டன. ‘இன்ஃப்ளூயன்ஸ்’ என்ற மூன்றாம் சொல், விண்மீன்களிலிருந்து மனிதர்மேல் ஏதோ வந்து பாய்கிறது என்ற இடைக்காலச் சோதிட நம்பிக்கையில் பிறந்தது. ‘இன்ஃப்ளூயன்சா’ என்னும் காய்ச்சலும் அதன் உடன்பிறப்பு. இதற்கு நாம் வைத்திருக்கும் ‘செல்வாக்கு’ எவ்வளவு அழகான சொல்! செல்லுகின்ற வாக்கு. செல்லாக் காசு போலச் செல்லாச் சொல்லும் உண்டு என்பதை உணர்ந்தவர்களே இதைப் படைத்திருக்க முடியும்.

வற்புறுத்தல் என்ற சொல்லை நான் குறைத்துப் பேசுவதாக எண்ணவேண்டா. அது ஒருகாலத்தில் மிக மென்மையான சொல்லாக இருந்தது. முனைவர் பட்டத்துக்காகச் சங்க அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளை ஆராய்ந்த நாட்களில் அதைக் கண்டு வியந்திருக்கிறேன். தலைவன் பொருள்தேடிப் பிரிந்திருக்கிறான், அவன் குறித்த பருவம் வந்துவிட்டது, தலைவி ஆற்றாள். அப்போது தோழி தலைவியை ‘வற்புறுத்தியது’ என்று குறிப்பு வருகிறது. தோழி அவளை எதையும் செய்யச் சொல்லவில்லை. அவன் வருவான் என்று சொல்லி, உடைந்துகொண்டிருக்கும் மனத்துக்கு வலிமை சேர்க்கிறாள். வன்பு உறுத்துதல் அங்கே உறுதி ஊட்டுதலாகும். தொல்காப்பியர் கற்பியலில் ஒரு நுட்பம் சொல்கிறார். புறப்பட்ட தலைவன் இடையில் தயங்கி நிற்பது போகாமலிருப்பதற்காக அன்று. தலைவிக்கு வன்புறை கூறி அவளைத் தேற்றிவிட்டுச் செல்வதற்காக என்கிறார். அந்த வன்புறை எங்கே, நாம் இன்று செய்யும் வற்புறுத்தல் எங்கே! வலிமை கேட்பவர் உள்ளத்தில் சேர்ந்த காலம் போய், கேட்பவர்மேல் ஏறி உட்காரும் காலம் வந்திருக்கிறது. எப்போது எப்படி இம்மாற்றம் நிகழ்ந்தது என்று இளைய ஆய்வாளர் யாரேனும் உரைநூல்களை வரிசையாய் வைத்து ஆராயலாம், நல்ல தலைப்பு.

நம் பகுதி மக்களின் வாய்மொழிக்கு வருவோம். அங்கே சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆளை மடக்கிவிட்டான், மனசைக் கரைத்துவிட்டாள், தாஜா பண்ணினான், சொக்குப்பொடி போட்டுவிட்டாள், வசக்கிவிட்டார்கள். இவற்றுள் ‘வசக்குதல்’ உழவர் சொல். நுகத்துக்குப் பழகாத காளையைப் பழக்குவதற்கு வழங்குவது. மணமான மகனை மருமகள் ‘வசக்கிவிட்டாள்’ என்று மாமியார் சொல்லும்போது, மகன் காளையாகவும் மருமகள் உழத்தியாகவும் ஆகிவிடுகிறார்கள். அந்த மாமியாரின் உவமைத்திறம் நம் கவியரங்குகளில்கூட அரிது. ஆனால் இச்சொற்களையெல்லாம் அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அசைக்கப்பட்டவன் சிறிது ஏமாந்தவன், அல்லது தோற்றவன். பிறர் சொல் கேட்டு ஒருவன் தெளிந்த மனத்தோடு ஒன்றை ஏற்றான் என்பதை மதிப்போடு சொல்லும் சொல் இந்த வரிசையில் இல்லை. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்கிறோம். கரைந்தபின் அது கல்லாக இருப்பதில்லையே!

பத்திர எழுத்தர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். உயில் எழுதும்போதும் கிரயம் எழுதும்போதும், பிறர் தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி முழு மனச் சம்மதத்துடன் எழுதிக் கொடுத்தது என்று சேர்க்க அவர்கள் மறப்பதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், வலுக்கட்டாயம், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்யுரை, தவறான எண்ணம் ஆகியவற்றால் விளையாத சம்மதமே சுதந்திரமான சம்மதம் என்று வரையறுக்கிறது. இனிமையாக எடுத்துச் சொல்லி ஒப்ப வைத்ததைச் சட்டம் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே ‘பெர்சுவேட்’ செய்தார் என்பதை ‘வற்புறுத்தினார்’ என்று ஒரு வாக்குமூலத்தில் மொழிபெயர்த்தால் குற்றமில்லாதவர் குற்றவாளியாகிவிடக்கூடும். மாற்றி மொழிபெயர்த்தால் குற்றவாளி தப்பிவிடக்கூடும். அரை மதிப்பெண்ணோடு முடிகிற செய்தி அன்று இது.

விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் இவ்விடத்தில் எவ்வாறு நடந்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் தம் வழக்கை எடுத்துரைக்க, அகிரிப்பா அரசன் மறுமொழி கூறும் இடம் ஒன்றுண்டு. ஆங்கிலத்தின் பழைய பெயர்ப்பில் அங்கே ‘பெர்சுவேட்’ வருகிறது. தமிழில் ‘சம்மதிக்கப்பண்ணுதல்’ என்ற வினையை ஆண்டிருக்கிறார்கள். அரசன் இன்னும் சம்மதிக்கவில்லையாதலால் ‘கொஞ்சங்குறைய’ என்ற அடைமொழியையும் சேர்த்திருக்கிறார்கள். முயற்சிக்கும் பயனுக்கும் இடையிலுள்ள கோட்டை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். நான் காணத் தவறினேன்.

சொல் கிடைக்கவில்லை என்பதனால் செயல் நம்மிடம் இருந்ததில்லை என்று ஆகாது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனிடம் தான் பெற்றதைச் சொல்கிறான், வழியைச் சொல்கிறான், வழியில் எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சொல்கிறான். போ என்று பிடரியைப் பிடித்துத் தள்ளுவதில்லை. இன்று உளநல ஆலோசகரை ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று வழங்குவதைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

எனினும், இப்பொருளுக்கு நான் முதலிடம் தருவது கோவூர் கிழாருக்கே. புறநானூற்றின் நாற்பத்தாறாம் பாட்டை நீங்கள் அறிவீர்கள். கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் சிறுமக்களை யானைக் காலில் இடத் துணிந்துவிட்டான். மன்றத்தில் யானை நிற்கிறது. குழந்தைகள் நிற்கின்றனர். புலவர் பேச எழுகிறார். பேச அவருக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? பாட்டு மிகச் சிறியது. புறாவின் துயர் தீர்த்தவனுடைய மரபில் வந்தவன் நீ என்கிறார். புலவர் வறுமையுற வேண்டா என்று தம் உணவைப் பகுத்துண்டவர் மரபில் வந்தவர்கள் இவர்கள் என்கிறார். அதன்பின் அவர் காட்டுகிற காட்சிதான் பாட்டின் உயிர். இக்குழந்தைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்களாம். கூடியிருக்கும் மன்றத்தை மருண்டு பார்க்கிறார்களாம். இதற்குமுன் அறியாத புதிய துன்பம் ஒன்று அவர்களிடம் இருக்கிறதாம். யானை தங்களைக் கொல்ல வந்தது என்பதுகூட அறியாமல் அதை வேடிக்கை பார்க்கும் பருவம் என்பதைப் புலவர் விளக்கவில்லை. நாம் விளங்கிக் கொள்கிறோம்; அரசனும் விளங்கிக் கொண்டிருப்பான்.

முடிவில் என்ன சொல்கிறார்? விட்டுவிடு என்றா? அது அறமன்று, பாவம் என்றா? நான் சொன்னதைக் கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பம் எதுவோ அதைச் செய் என்று முடித்துவிடுகிறார். நண்பர்களே, யானையின் காலடியில் குழந்தைகள் நிற்கும்போது ‘உன் விருப்பம்’ என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! என்னால் ஆகாது. நான் அங்கே இருந்திருந்தால் கதறியிருப்பேன், அரசனை ஏசியிருப்பேன், அவன் பிடிவாதம் இன்னும் இறுகியிருக்கும். அரசனுக்கு மனிதத்தன்மை இருக்கிறது என்று நம்பி, முடிவை அவன் கையிலேயே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார் கிழார். பாட்டு அங்கே நின்றுவிடுகிறது. குழந்தைகள் பிழைத்தார்களா என்பதைப் பாட்டு சொல்லவில்லை. பிற்காலத்தார் எழுதிய குறிப்பு, ‘உய்யக்கொண்டது’ என்ற ஒரு சொல்லால் அதைத் தெரிவிக்கிறது. பயனைச் சொல்லும் வினை குறிப்பில் இருக்கிறது, பாட்டில் இல்லை. பாடியவர் தம் வெற்றியைப் பாடவில்லை.

நம் கவியரங்கக் கவிதைகளை எண்ணி இதைச் சொல்கிறேன், சினம் கொள்ளவேண்டா. கடந்த ஆண்டு இவ்வட்டத்தில் படிக்கப்பட்ட கவிதைகளில் எழு, விழி, புறப்படு, தூக்கியெறி என்னும் ஏவல் வினைகள் எத்தனை என்று ஒருநாள் எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். கேட்ட நாம் எவரும் எழவில்லை, தேநீருக்குத்தான் எழுந்தோம். பதினோராம் நூற்றாண்டுக் காசுமீரத்தைச் சேர்ந்த மம்மடர், அறிவுரை மூவகைப்படும் என்றார். அரசன் ஆணையிடுவது போன்றது வேதம். நண்பன் எடுத்துரைப்பது போன்றது புராணம். அன்பு மனைவி இனிது பேசி நெஞ்சை நெகிழ்விப்பது போன்றது காவியம். மனைவி இனிது பேசினால் கணவன் கேட்பான் என்று மம்மடர் உறுதியாக நம்பியிருக்கிறார். காசுமீரத்து நிலைமை அப்படிப் போலும். அது நிற்க, நம் கவிஞர்கள் பலர் மூன்றாவது இருக்கையில் அமர்ந்துகொண்டு முதலாவதன் குரலில் பேசுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

கம்பனிடம் வருவோம். பிறர் மனத்தை மாற்றும் கலை அவன் காப்பியத்தில் தீமைக்கும் பயன்பட்டது, நன்மைக்கும் பயன்பட்டது. தீமைக்குப் பயன்பட்டபோது வென்றது. நன்மைக்குப் பயன்பட்டபோது தோற்றது. இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டதும் கைகேயி மகிழ்ந்து மாலையைப் பரிசளிக்கிறாள். மந்தரை அதை நிலத்தில் எறிகிறாள், பேசுகிறாள், கைகேயி கடிந்துகொள்ள மீண்டும் பேசுகிறாள். இறுதியில் தூய உள்ளம் திரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் கம்பன் செய்வதைக் கவனிக்கவேண்டும். வானோரின் மாயையும், அவர்கள் பெற்ற வரமும், அந்தணரின் தவமும் காரணம் என்று சொல்லி, மந்தரையின் நாவுக்கு முழுப் பெருமையும் கிடைக்காமல் செய்துவிடுகிறான். ஒரு மனம் மாறியதென்றால் மாற்றியவர் ஒருவரே அதற்குக் காரணம் என்று கம்பன் எண்ணவில்லை.

மறுபுறம் கும்பகருணன். உறக்கம் கலைந்து வந்தவன், சீதையை விட்டுவிடு என்று இராவணனிடம் சொல்லிப் பார்க்கிறான், பயனில்லை. களத்தில் வீடணன் வந்து, இராமனிடம் வந்துவிடு என்று கும்பகருணனை அழைக்கிறான்; பயனில்லை. கும்பகருணனோ, நீ உயிரோடு இருந்தால்தானே எங்களுக்கு நீர்க்கடன் செய்ய ஆளிருக்கும், திரும்பிப் போ என்று தம்பியை அனுப்பிவிடுகிறான். ஒருவரை ஒருவர் தழுவி அழுது பிரிகின்றனர். அன்பும் அறிவும் நாவன்மையும் எல்லாம் இருந்தும் சொல் பயன்படாத இடம் உலகில் உண்டு. இதற்கு ஆங்கிலத்தார் ‘முயன்றான்’ என்று சேர்த்துச் சொல்வார்கள். கம்பன் அதற்கு ஒரு படலமே எழுதினான்.

நமக்குப் பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இதே கலையை நகையோடு காட்டினார். குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். குற்றாலநாதர்மேல் காதல் கொள் என்று அவள் சொல்லவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. இருப்பதைச் சுற்றிச் சுற்றி வந்து, இறுதியில் வாய்விட்டுச் சொல்லி விடுகிறாள். பிறர் மனத்தில் இல்லாததை நாம் கொண்டுபோய் வைக்க முடியுமா என்பது குறத்தி நமக்கு விட்டுச்சென்ற கேள்வி.

குற்றாலம் என்றதும் உங்கள் நெஞ்சில் ஒரு பெயர் எழுந்திருக்கும். அதை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்ததற்கு மன்னிக்க. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். சட்டம் படித்தவர். இந்து அறநிலைய ஆட்சித்துறையில் உயர் பொறுப்பு வகித்தவர். திருநெல்வேலியில் தம் இல்லத்து வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டிக் கவிதை அனுபவித்தவர், குற்றால முனிவர் என்று போற்றப்பட்டவர், 1954இல் மறைந்தவர். ‘இலக்கிய வட்டம்’ என்று நாம் பெயர் வைத்துக்கொண்டு தென்காசிப் பக்கத்தில் கூடும்போது, தெரிந்தோ தெரியாமலோ அந்தத் தொட்டியின் ஓரத்தில்தான் அமர்கிறோம்.

டி.கே.சி. கம்பன் பெரியவன் என்று வாதாடினாரா? வழக்கறிஞர் படிப்புப் படித்தவர் அல்லவா, வாதாடியிருக்கலாம். அவரோடு பழகியவர்கள் எழுதிவைத்திருப்பது வேறு. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வாராம். ஓசை விளங்க மெல்லப் படிப்பாராம். மறுபடி படிப்பாராம். ஒரு சொல்லில் நின்று, அதைச் சுவைத்து, பிறகு அடுத்த சொல்லுக்குப் போவாராம். அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சில் அந்தப் பாட்டு குடியேறிவிடும். கல்கி, இராஜாஜி, தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்று அந்த ஈடுபாட்டுக்கு ஆட்பட்டவர் பலர். நீதிபதி எஸ். மகராஜன் அவர்கள் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் லியர் மன்னனையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். பாட்டைச் செவியால் அறியும் பயிற்சி அவருக்குக் கிடைத்த இடம் டி.கே.சி.யின் அவை. இவர்களுள் எவரும் எவர் சொல்லுக்கும் எளிதில் தலையாட்டுகிறவர்கள் அல்லர். இராஜாஜியை யாரேனும் வற்புறுத்தி ஒன்றைச் செய்யவைக்க முடியுமா? ஆனால் பாட்டைச் சுவைக்கச் செய்ய முடிந்தது.

இதை முழுப் புகழ்ச்சியாகவே விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பன் பாடல்களுள் தம் செவிக்கு ஒவ்வாத பலவற்றை இடைச்செருகல் என்று டி.கே.சி. தள்ளினார், சில பாடல்களின் பாடத்தைத் தாமே திருத்தினார். புலவர் உலகம் அதைக் கடுமையாக எதிர்த்தது. என் ஆசிரியர்கள் அந்த எதிர்ப்பணியில் இருந்தவர்கள். நானும் இதில் அவர்கள் பக்கமே. மனிதர்களைத் தம் வழிக்கு வற்புறுத்தாத பெரியவர், ஏட்டை மட்டும் வற்புறுத்திவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாட்டு கேட்பவரை மாற்றலாம். கேட்பவர் தமக்கு ஏற்றபடி பாட்டை மாற்றத் தொடங்கினால், அங்கே யார் யாரை அசைத்தது? இருந்தாலும், என் ஆசிரியர்கள் திருத்தமான பாடத்தோடு சொல்லித்தந்த கம்பனைவிட, ரசிகமணியின் கட்டுரைகள் வழியே வந்த கம்பன்தான் என்னைத் தமிழ் படிக்க அழைத்துவந்தான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இனி, நான் மதிப்பெண் குறைத்த மாணவியிடம் திரும்புகிறேன். தாய் எடுத்துச் சொன்னாள், மகள் மனம் இசைந்தாள் என்று எழுதியவள். அடுத்த பருவத் தேர்வுக்கு அவள் வரவில்லை. திருமணம் உறுதியாகியிருந்தது. நான் அவள் வீட்டுக்குச் சென்றேன். தந்தையிடம் ஒரு மணி நேரம் பேசினேன். இன்னும் ஒன்றரை ஆண்டுதான், பட்டம் பெற்றுவிடுவாள் என்றேன். புள்ளிவிவரம் சொன்னேன், சட்டம் சொன்னேன், பாரதியைச் சொன்னேன். அவர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். முடிவில், ‘அவளைச் சம்மதிக்க வச்சாச்சும்மா, இனி ஒண்ணும் பேசுறதுக்கில்ல’ என்றார். ‘சம்மதிக்க வைத்தல்’ என்ற அந்தக் கூட்டுவினையை அதுவரை நான் இலக்கணமாகத்தான் பார்த்திருந்தேன். வைப்பவர் ஒருவர், சம்மதிப்பவர் ஒருவர். அவள் கதவோரம் நின்றாள். நீ இசைந்தாயா என்று அவளை நான் கேட்கவில்லை. தந்தையிடம் பேசுவதிலேயே என் நேரம் முழுவதும் கழிந்துவிட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, சேர்க்கை நாளன்று அவர் இளைய மகளை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். விண்ணப்பத்தை நீட்டி, ‘இவ முழுசாப் படிக்கட்டும்’ என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று நான் பேசிய ஒரு மணி நேரம் இதற்குக் காரணமா, மூத்தவள் மாமியார் வீட்டிலிருந்து ஏதேனும் சொல்லியனுப்பினாளா, தாய் இரவுகளில் பேசினாளா, அவரே எண்ணித் தெளிந்தாரா, நான் அறியேன். கம்பன் மந்தரைக்கு முழுப் பெருமை தராததன் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

‘பெர்சுவேட்’ என்பதற்கு ‘இசைவித்தல்’ என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன். இசைதல் என்றால் உடன்படுதல். இசை என்றால் பண்ணும்கூட. இசைவு பிறப்பது கேட்பவர் உள்ளத்தில். இசைவிப்பவர் சுருதி கூட்டித் தரலாம். அதற்குமேல் ஒன்றும் செய்ய இயலாது. இலத்தீன்காரர் இனிமையில் கண்டதைத் தமிழர் இசையில் கண்டிருக்கிறார்கள். பயனும் இச்சொல்லில் அடங்கியிருக்கிறது: இசைவித்தேன், ஆனால் அவன் இசையவில்லை என்று சொல்ல முடியாது. செய்தித்தாளில் இது வழங்குமா என்று கேட்டால், ‘இசைய வைத்தார்’ என்ற அளவிலாவது வழங்கலாம். அதிலும் அந்த ‘வை’ வந்து ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்வது! இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள். என் விடைக்குறிப்பை இன்னொருமுறை திருத்திக்கொள்கிறேன்.

இச்சொல்லை எனக்குத் தந்தவள் அந்த மாணவிதான். தாயையும் மகளையும் தனித்தனி வாக்கியத்தில் நிறுத்தி, இசைவை மகளுக்கே உரியதாக்கி எழுதியிருந்தாள். சங்கரன்கோவில் பக்கம் எங்கோ இருக்கிறாள் என்று அவள் தங்கை சொல்லக் கேட்டேன். தங்கை இன்று இந்த அவையில் இருக்கிறாள். சற்று முன் இங்கே கவிதை படித்தவர்களுள் ஒருத்தி. அக்காவுக்குச் சேரவேண்டிய அரை மதிப்பெண் இன்னும் என்னிடம் இருக்கிறது என்று அவள் வழியே சொல்லியனுப்புகிறேன்.

 விசாரித்த அந்தப் பெரியவர் யார் என்பதை மட்டும் இப்போதாவது எனக்குக் காட்டிவிடுங்கள்.